அட்டைப் பெட்டி யாருக்கு?

ஏப்ரல் 22, திங்கள்

பெங்களூரில் சமாதானக் கைவேலை முகாம் தொடங்கிவிட்டது. அல்சூரிலிருந்தும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் பிள்ளைகள். "புதுசா எதுவும் வாங்க வேண்டாம், வீட்டில் கிடப்பதை வைத்தே செய்யலாம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இங்கே அவர், வீடு மாறுவதற்காக, பரணிலிருந்த பழைய பேப்பரையெல்லாம் இறக்கிப் பாத்திரங்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். பாதிக் கட்டைப் பிடுங்கிக்கொண்டேன். முறைத்தார்.

ஏப்ரல் 23

புரோக்கர் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 24

பேப்பர் கொக்கு. சடாகோ சசாகி கதை சொன்னேன். 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது இரண்டு வயது. பத்து வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோய். மருந்து சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடாமல் மடித்தாள். ஆயிரம் முடிக்குமுன்பே இறந்துவிட்டாள் என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறார்கள். ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள் என்கிறார் அவள் அண்ணன். நான் அண்ணன் பக்கம்.

"ஆயிரம் மடிச்சும் செத்துட்டாளா மிஸ்?" என்றாள் ரெட்டைச் சடைக்காரி. ஆமாம் என்றேன். கூடப் படித்த பிள்ளைகள் பணம் திரட்டியது, 1958இல் அவளுக்குச் சிலை வைத்தது எல்லாம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மடித்த கொக்கைப் பிரித்து, மடிப்பை நகத்தால் நீவி, மறுபடி வெறும் பேப்பராக்கிவிட்டாள்.

ஏப்ரல் 25

அரிசி மாவில் சமாதானச் சின்னம் போட்டோம். அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்காக ஜெரால்டு ஹோல்டம் 1958இல் வரைந்தது. "கோழிக்கால்" என்றார்கள். அப்புறம் எறும்பு வந்தது.

ஏப்ரல் 26

ஓட்டுப் போட்டுவிட்டு, ஜீவன்பீமா நகரில் ஒரு வீடு பார்த்தோம். நல்ல காற்றோட்டம். பத்து மாத அட்வான்ஸ். போர்வெல் வற்றிவிட்டது, டேங்கர் தண்ணீர்தான். பேச்சுவாக்கில் "தமிழா?" என்று கேட்டார் வீட்டு ஓனர். ஆமாம். "யோசித்துச் சொல்கிறேன்." யோசிக்கட்டும். வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி ஆட்டோவில் வீடு வரை கூடவே வந்தது.

2016 செப்டம்பர் காவிரிக் கலவரத்தில் தமிழ்நாட்டு நம்பர் வண்டிகளைக் கொளுத்தியபோது, எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் நின்று கன்னடத்தில் திட்டி அந்தக் கும்பலை அனுப்பியது இப்போது இருக்கும் வீட்டின் ஓனரம்மாதான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டை விற்பது மகன்.

ஏப்ரல் 29

பழைய வேட்டித் துண்டுகளை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கொடி செய்தோம். ஆட்டோக்காரர் மகன் சோப்புக் கையோடு ஓடிவந்து ஒன்றைப் பிடித்தான். ஐந்து விரலும் செக்கச்செவேலென்று பதிந்துவிட்டது. மஞ்சளில் சோப்போ சுண்ணாம்போ பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் பார்த்ததில்லையா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தனை பேரும் சோப்புக்கு அடித்துக்கொண்டார்கள். கொடி முழுக்கச் சிவப்புக் கைகள். சமாதானக் கொடி போலவா இருக்கிறது? போலீஸ் கேஸ் போல இருக்கிறது. முகாம் நடத்துகிறவர்கள் வெள்ளைப் புறா எதிர்பார்த்தார்கள். எனக்கு இதுதான் பிடித்தது.

ஏப்ரல் 30

விதைப்பந்து. செம்மண், மக்கிய சாணி, நடுவில் புங்கங்கொட்டை. வேப்பங்கொட்டை வேண்டாமென்றேன், சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். நிழலில் காயவைத்து மழைக்காலத்துக்கு முன்னால் வீச வேண்டும். மழையா? ஏப்ரல் முழுக்கச் சொட்டு இல்லை. பிசையத் தண்ணீர் கேட்டதற்கு வாட்ச்மேன் பார்த்த பார்வை! கடைசியில் என் வீட்டு அரிசி களைந்த தண்ணீர்தான்.

உள்ளதைச் சொன்னால் விதைப்பந்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. எறிந்துவிட்டுப் போட்டோ எடுப்பதோடு சரி, முளைத்ததா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? ஆனால் காலையில் "காவேரி எங்களுது" என்று சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர், சேற்றில் கை வைத்ததும் யார் உருண்டை பெரிசு என்கிற சண்டைக்கு மாறிவிட்டார்கள். அதுவரைக்கும் லாபம்.

ஜீவன்பீமா நகர் ஓனர் யோசித்து முடிக்கவில்லை போலிருக்கிறது.

மே 2

அட்டைப் பெட்டியில் ஊர் செய்ய வேண்டும். பெட்டி கொண்டுவந்தவர்கள் மூன்று பேர். அவர் மளிகைக் கடையில் கெஞ்சி வாங்கி வைத்திருந்ததிலிருந்து எடுத்துப் போனேன். கேட்டுவிட்டுத்தான். "புத்தகம் கட்டுவதை மட்டும் எடுக்காதே" என்றார். சரியாக அதில்தான் இப்போது ஜன்னல் வெட்டியிருக்கிறது.

ரெட்டைச் சடைக்காரி தன் வீட்டு வாசலில் 'டு லெட்' எழுதினாள். யாருக்குக் கொடுப்பாய் என்றேன்.

"பூனை வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்."

மே 3

மழை! கரண்ட் இல்லை. புரோக்கர் அவராகவே கூப்பிட்டார். கம்மனஹள்ளியில் ஒன்று இருக்கிறதாம், காலை எட்டு மணிக்குள் வரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் தயார். முகாம் ஒன்பதுக்கு. பசை காய்ச்ச மைதா வாங்க வேண்டும்.