கற்பூரம், கரி, வாழைமட்டை

ஜூலை 8
ஆறாம் வகுப்பு மகள் பின்னக் கணக்கில் மாட்டிக்கொண்டு விழித்தாள். அடுப்படியிலிருந்து அம்மா, "விடு கண்ணு, உங்கப்பனுக்கும் கணக்கு வராது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் காலமெல்லாம் அதையே சொல்லிவருகிறேன். கணக்கை நாம் போடுவதில்லை, அதுவாக 'வரவேண்டும்', கடைசி பஸ் மாதிரி.

ஜூலை 10
எங்கள் ஊர் வாத்தியார் பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பார். கற்பூரம் சட்டென்று பற்றும். கரி, ஊத ஊதப் பற்றும். வாழைமட்டை பற்றவே பற்றாது. நான் மட்டை. கரியாகவும் இருந்திருக்கலாம், ஊதுவதற்கு அவருக்கு ஏது நேரம்! என் மகளை நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. கற்பூரம் என்றுதான் ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறேன்.

ஜூலை 13
குறள் 396 எல்லோருக்கும் தெரியும்: தோண்டத் தோண்ட மணற்கேணியில் ஊறுவதுபோல், கற்கக் கற்க அறிவு ஊறும். ஆனால் 373? நுட்பமான நூல் பல கற்றாலும் கடைசியில் தன் 'உண்மை அறிவே மிகும்', அதாவது விதிப்படி தனக்கு உள்ள அறிவே மேலோங்கும் என்கிறது. ஊழ் அதிகாரம். வள்ளுவரே இரண்டையும் சொல்லியிருக்கும்போது அம்மாவை என்ன சொல்ல?

ஜூலை 17
உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி", சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள். அதன்பின் பழையபடி சுலபமானவை வந்தபோதும் 'புத்திசாலி'கள் முதலில் போட்டதைவிடக் குறைவாகவே போட்டார்கள். முகம் தெரியாத வேறொரு பள்ளிப் பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணைத் தெரிவித்து எழுதச் சொன்னபோது, அவர்களில் பத்துக்கு நான்கு பேர் கூட்டி எழுதினார்களாம்.

இந்த ஆராய்ச்சியை மந்திரம்போல விற்பவர்களை நான் நம்பவில்லை. 2019இல் பன்னிரண்டாயிரம் மாணவர்களிடம் 'அறிவு வளரக்கூடியது' என்று பாடம் எடுத்துப் பார்த்ததில், பின்தங்கியவர்களின் சராசரி மதிப்பெண் 4.3 புள்ளி அளவையில் 0.1தான் ஏறியது. ஆனால் அந்தக் கூட்டி எழுதிய கதை மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

ஜூலை 21
அலமாரிக்கு அடியில் ஒரு விடைத்தாள். 25க்கு 9. என்னிடம் 19 என்றிருந்தாள். திட்ட வாய் வரவில்லை. 1/3 + 1/4 = 2/7 என்று எழுதியிருந்தாள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

சரி என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒரு தோசையைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, மூன்றில் ஒன்றுக்கு நான்கு, நான்கில் ஒன்றுக்கு மூன்று என்று ஒதுக்கி எண்ணினோம். ஏழு. இரண்டு முறை எண்ணினாள். சூடாகச் சுட்டுவைத்ததை ஆறப்போட்டுவிட்டோம் என்று அம்மாவுக்குத்தான் கோபம்.