உள்ளே ஒரு குறி கூடினால்

ஸ்கீம் என்ற நிரலாக்க மொழியைப் படிக்கிறவர்களின் நிரலைப் பார்த்துக் கொடுப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் திரும்பத் திரும்ப வருவது இது:

'('சிவப்பு 'பச்சை 'நீலம்)

இதில் பச்சை இருக்கிறதா என்று, பட்டியலில் தேடித் தரும் மெம்க்யூவைக் கேட்டால், இல்லை என்கிறது. உடனே மொழியில்தான் கோளாறு என்று சண்டைக்கு வருவார்கள். (பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்; ஸ்கீமை இயக்கும் கைல், அதன் வழிவந்த ராக்கெட் இரண்டும் ஏற்கும்.)

வெளியே போட்ட ஒற்றை மேற்கோள் குறியே உள்ளிருப்பதையெல்லாம் மதிப்பிடாமல் விடச் சொல்லிவிட்டது. 'பச்சை என்பது (குவோட் பச்சை) என்பதன் சுருக்கம். நிரலை முதலில் வாசிக்கும் பகுதியான ரீடர் அப்படித்தான் படிக்கும். ஆக, பட்டியலில் இருப்பவை நிறங்களே அல்ல, இரண்டு உறுப்புள்ள மூன்று குட்டிப் பட்டியல்கள். (லிஸ்ட் 'சிவப்பு 'பச்சை) என்று எழுதிப் பழகிய கை அப்படித்தான் போடும். அங்கே ஒவ்வொன்றும் மதிப்பிடப்படுவதால் குறி வேண்டும், இங்கே வேண்டாம்.

கைலில் அச்சிட்டால் குவோட் என்று விரித்தே காட்டிவிடும். ராக்கெட்டின் ஊடாடு சாளரமோ நீங்கள் எழுதிய மாதிரியே திருப்பிக் காட்டும், சந்தேகமே வராது.

இதெல்லாம் பரவாயில்லை. எனக்கு எரிச்சல், மதிப்பைப் பார்த்துப் பொருந்தும் கிளையைத் தேர்ந்தெடுக்கும் கேஸ் மீதுதான். அதன் கிளையில் வருவது ஏற்கெனவே தரவு, குறியே தேவையில்லை:

((சிவப்பு) "நில்")

சிலர் (('சிவப்பு) "நில்") என்று எழுதுவார்கள். சிவப்பு வந்தால் அது ஒருநாளும் பொருந்தாது; சீக்கிரமே தெரிந்துவிடும். ஆனால் அடைப்புக்குறியையும் விட்டுவிட்டு ('சிவப்பு "நில்") என்று எழுதினால்? வேலை செய்யும்! 'சிவப்பு என்பதே (குவோட் சிவப்பு) என்ற பட்டியல் அல்லவா, கேஸ் அதை "குவோட் அல்லது சிவப்பு வந்தால்" என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி.

அப்புறம் மஞ்சளுக்கும் நிற்க வேண்டும் என்பார்கள். கை தானாக எழுதும்:

('சிவப்பு 'மஞ்சள் "நில்")

பிழைச் செய்தி எதுவும் வராது. சிவப்புக்கு "நில்" சரியாகவே கிடைக்கும். மஞ்சளோ இப்போது ஒப்பிடும் மதிப்பு இல்லை. கிளையின் உடலில் முதல் கோவை. அதை மதிப்பிட்டுத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறது. எதுவும் பொருந்தாதபோது ஓடும் எல்ஸ் கிளையை எழுதாமல் விட்டிருந்தால், மஞ்சள் வரும்போது என்ன கிடைக்கும் என்பதற்குத் தரநிலையில் உத்தரவாதம் இல்லை. அதனால் நான் பார்க்கும் நிரலில் கேஸ் இருந்தால், எல்ஸ் கிளையில் பிழை எறியச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் படிக்கிறேன்.