கண்ணில் வைத்த பாயிண்ட், காதில் விழுந்த ஃபோகஸ்

கேமரா விளம்பரங்களில் ஃபோகஸ் பாயிண்டுகளின், அதாவது ஃபிரேமில் கேமரா ஃபோகஸை அளக்கும் இடங்களின், எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். 2007-இல் வந்த நிக்கான் டி300-இல் 51. அதற்கு அடுத்த ஆண்டு வந்த கேனான் 5டி மார்க் 2-இல் 9 மட்டுமே. 2016-இன் நிக்கான் டி500-இல் 153. 2017-இன் சோனி ஏ9-இல் 693. இந்த எண்களை வைத்து ஒரு கேமராவை எடைபோட முடியாது. ஃபிரேமில் அந்தப் பாயிண்டுகள் எங்கே பரவியிருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்தத் திசையில் ஓடும் கோட்டை உணரும் என்பது தெரிந்தால்தான், கையில் இருக்கும் கேமராவில் பாயிண்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியும். செகண்ட்ஹேண்டில் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

டிஎஸ்எல்ஆரில் பாயிண்டுகள் நடுவில் குவிந்திருப்பதற்கு அதன் உள்ளமைப்பே காரணம். முதன்மைக் கண்ணாடியின் நடுப்பகுதி, விழும் ஒளியில் ஒரு பங்கைப் பின்னால் கடந்துபோக விடும். அங்கே ஒளிந்திருக்கும் சிறிய துணைக் கண்ணாடி அந்த ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பி, கண்ணாடிகள் இருக்கும் மிரர் பாக்ஸின் அடியில் உள்ள ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) சென்சாருக்கு அனுப்பும். ஷட்டரை அழுத்தியதும் அந்தத் துணைக் கண்ணாடி முதன்மைக் கண்ணாடியோடு மடிந்து மேலே போயாக வேண்டும். எனவே அதைப் பெரிதாக்க இடமில்லை. இன்னொரு தடையும் உண்டு. இரண்டு பிம்பங்களை ஒப்பிட்டு ஃபோகஸைக் காணும் ஃபேஸ் டிடெக்ஷன் (phase detection) முறை வேலை செய்ய, லென்ஸின் எதிரெதிர்ப் பக்கங்கள் வழியாக வரும் இரண்டு ஒளிக்கற்றைகள் தேவை. ஃபிரேமின் ஓரத்துக்குப் போகப்போக லென்ஸ் குழாயின் விளிம்பே அவற்றில் ஒன்றை மறைக்கத் தொடங்கிவிடும்.

இதன் விளைவை டி300-ஐயும் அதே ஆண்டில் வந்த டி3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணெதிரே காணலாம். இரண்டிலும் 51 பாயிண்டுகள், அவை பரவியிருக்கும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. டி300-இன் சென்சார் சிறியது என்பதால் அகலத்தின் பெரும்பகுதியை அவை அடைத்துக்கொள்கின்றன. 36 x 24 மி.மீ. அளவுள்ள முழு ஃபிரேம் சென்சார் கொண்ட டி3-இல் அதே கூட்டம் நடுவில் ஒடுங்கிப்போகிறது. ஒரு தலைமுறையின் முழு ஃபிரேம் டிஎஸ்எல்ஆர்கள் எல்லாமே இந்தக் குறையோடு வந்தவைதான். பறவை, விளையாட்டுப் படங்களுக்கு டி500-ஐ இன்றும் பலர் விடாமல் வைத்திருப்பதற்கு, அதன் பாயிண்டுகள் ஏறக்குறைய இடது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரை பரவியிருப்பது ஒரு பெரிய காரணம்.

கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் ஃபோகஸை அளப்பது படம் பதியும் சென்சாரேதான். 2013-இல் கேனான் 70டி-யில் வந்த டூயல் பிக்சல் முறையில் ஒவ்வொரு பிக்சலும் இடம், வலம் என இரு பாதிகளாகப் பிரிந்தது. 2018-இன் இஓஎஸ் ஆர் கேமராவில் பாயிண்டை அகலத்தில் 88 சதவீதம், உயரத்தில் 100 சதவீதம் வரை நகர்த்தலாம். இடப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் திசைப் பிரச்சினை தீரவில்லை, இதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஃபேஸ் டிடெக்ஷன் இரண்டு பிம்பங்களுக்கு இடையே உள்ள விலகலை அளக்கிறது. பிக்சல்கள் இடம் வலமாகப் பிரிந்திருந்தால் விலகலும் இடம் வலமாகவே தெரியும். ஒரு செங்குத்துக் கோடு விலகினால் உடனே தெரிந்துவிடும். கிடைக்கோடு தன் திசையிலேயே நகர்வதால், விலகல் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. இரு திசைகளையும் உணரக்கூடியதே கிராஸ் டைப் பாயிண்ட். கேனானின் 5டி மார்க் 2, 6டி இரண்டிலும் நடுப் பாயிண்ட் ஒன்றுதான் கிராஸ் டைப்; சுற்றியுள்ளவை எல்லாம் ஒற்றைத் திசை. 2012-இல் வந்த 5டி மார்க் 3-இல் 61-இல் 41 வரை கிராஸ் டைப், ஆனால் மாட்டியிருக்கும் லென்ஸைப் பொறுத்து அந்த எண்ணிக்கை குறையும். அதன் கையேட்டில் லென்ஸ்களை ஏ முதல் எச் வரை பிரித்துப் போட்டிருப்பது இதற்காகத்தான். மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலானவை இன்னும் ஒரு திசையை மட்டுமே உணர்பவை. ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1, கேனான் ஆர்1 போன்ற சில மட்டும் விலக்கு.

உங்கள் கேமராவின் பாயிண்டுகள் எந்தத் திசையை உணர்கின்றன என்பதைச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். வெள்ளைச் சுவரில் கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு முழ நீளத்துக்குக் கிடையாக ஒட்டுங்கள். 2 மீட்டர் தள்ளி நின்று, ஒற்றைச் சிறு பாயிண்டைத் தேர்ந்தெடுங்கள். லென்ஸைக் கையால் திருப்பி ஃபோகஸை நன்றாகக் கலைத்துவிட்டு, பாயிண்ட் டேப்பின் ஓரத்தில் விழுமாறு வைத்து ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். பின் கேமராவை 90 பாகை திருப்பி அதையே மறுபடி செய்யுங்கள். ஒரு நிலையில் சட்டென்று பிடித்து, மறு நிலையில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தால் அது ஒற்றைத் திசைப் பாயிண்ட். டிஎஸ்எல்ஆரில் நடு, மேல், கீழ், இடம், வலம் என ஐந்து இடங்களிலாவது பாருங்கள், முடிவு இடத்துக்கு இடம் மாறும். பல மிரர்லெஸ் கேமராக்களில் ஃபேஸ் டிடெக்ஷன் தோற்றால், லென்ஸை நகர்த்திக் கூர்மையை ஒப்பிட்டுத் தேடும் கான்ட்ராஸ்ட் முறை கைகொடுத்து, மெதுவாகவாவது பிடித்துவிடக்கூடும். அந்தத் தாமதமே அடையாளம்.

இது தெரிந்துவிட்டால் பல புதிர்கள் அவிழும். கடலின் தொடுவானத்தில் பாயிண்டை வைத்தால் ஏன் பிடிக்கவில்லை? படிக்கட்டு, ஜன்னல் பட்டைகள், சேலையின் கிடைக்கரை ஆகியவற்றில் ஏன் தடுமாறுகிறது? எல்லாமே கிடைக்கோடுகள். இதற்கு வழி எளிது: கேமராவை 15, 20 பாகை சாய்த்துப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, பிறகு நேராக்குங்கள். லென்ஸின் அச்சைச் சுற்றி மட்டும் உருட்டுவதால் தூரம் மாறாது, பிழையும் வராது. போர்ட்ரெய்ட்டிலும் இதே கணக்குதான். இமையும் இமைமுடி வரிசையும் முகத்தில் கிடையாக ஓடுபவை. கேமராவை நிமிர்த்தி உயரவாக்கில் பிடித்தால் அவை சென்சாருக்குச் செங்குத்தாகிவிடும். கேமராவைக் கிடையாகப் பிடித்திருக்கும்போது கண்மணியின் பக்க விளிம்பு, மூக்கின் ஓரம், கண்ணாடிச் சட்டத்தின் பக்கவாட்டு ஆகியவையே பிடிமானம்.

அடுத்து, ஃபோகஸைப் பூட்டிவிட்டு கேமராவைத் திருப்பி ஃபிரேம் அமைக்கும் ரீகம்போஸ் பழக்கம். இது சரியா தவறா என்ற வாதத்துக்கு முடிவே இல்லை. கணக்குப் போட்டால் தெளிவான விடை கிடைக்கும். கேமராவைத் திருப்பும்போது ஃபோகஸ் தளமும், அதாவது கூர்மையாக விழும் பொருள்கள் இருக்கும் தளமும், கூடவே திரும்புகிறது. கண் அந்தத் தளத்துக்கு முன்னால் வந்துவிடும், ஃபோகஸ் கண்ணுக்குப் பின்னால் போய் விழும். காது மடலில் கூர்மை, கண்ணில் மங்கல் என்று வரும் படங்கள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவை.

85 மி.மீ. ஃபோகல் லெங்த் லென்ஸ், அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) எஃப் 1.4, தூரம் 1.5 மீட்டர். நடுவில் பூட்டிய கண்ணை, சென்சாரில் நடுவிலிருந்து 12 மி.மீ. தள்ளியிருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால், பிழை ஏறக்குறைய 15 மி.மீ. ஃபோகஸ் தளத்துக்கு முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் பரப்பு ஒரு பக்கத்துக்கு 13 மி.மீ. தான். இதையே 35 மி.மீ. லென்ஸில் செய்தால் பிழை 81 மி.மீ., தெளிவுப் பரப்பு ஒரு பக்கத்துக்கு 77 மி.மீ. இரண்டிலும் கண் மயிரிழையில் வெளியே நிற்கிறது. ஃபோகல் லெங்த் மாறினால் பிழையும் தெளிவுப் பரப்பும் ஒரே விகிதத்தில் மாறுகின்றன. ஆகவே அகலமான காட்சி தரும் வைட் லென்ஸில் ரீகம்போஸ் செய்தால் ஆபத்து, தொலைவை நெருக்கிக் காட்டும் டெலியில் செய்தால் ஆபத்தில்லை என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியல்ல. தீர்மானிப்பவை அப்பெர்ச்சர், தூரம், ஃபிரேமில் எவ்வளவு நகர்த்துகிறீர்கள் என்ற மூன்றும்தான்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு சூத்திரம்: தூரத்தை மி.மீ.-இல் எடுத்து, அப்பெர்ச்சர் எண்ணால் பெருக்கி, மேலும் 0.06-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். முழு ஃபிரேமில் நடுவிலிருந்து அத்தனை மி.மீ. வரை நகர்த்தலாம். டி300-இல் உள்ளது போன்ற சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 0.06-க்குப் பதில் 0.04. எஃப் 1.4, 1.5 மீட்டருக்கு 11 மி.மீ. வருகிறது. எஃப் 2.8, 3 மீட்டருக்கு 22 மி.மீ.; முழு ஃபிரேமின் மூலையே நடுவிலிருந்து 21.6 மி.மீ. தான், எனவே அங்கே கவலையில்லாமல் திருப்பலாம். ஆனால் 0.06 என்பது சிறிய பிரிண்ட்டுக்கான பழைய தரம். 45 மெகாபிக்சல் படத்தை முழு அளவில் விரித்துப் பார்ப்பவர்கள் 0.02 வைத்துக்கொள்வது நல்லது. அப்போது எஃப் 1.4, 1.5 மீட்டருக்கு 6.5 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். ஃபிரேமை மூன்று மூன்றாகப் பிரிக்கும் கோடுகள் வெட்டும் இடம் நடுவிலிருந்து 7.2 மி.மீ. அதாவது வழக்கமாகக் கண்ணை வைக்கும் இடமே எல்லையைத் தாண்டிவிடுகிறது. கூடவே, இந்தக் கணக்கு ஃபோகஸ் தளம் தட்டையாக இருப்பதாகக் கொள்கிறது. தளம் வளைந்த லென்ஸ்களில் விடை மாறும்.

இதிலிருந்து என் பரிந்துரை: எஃப் 2-ஐ விட அகலமாகத் திறந்து, 2 மீட்டருக்குள் நின்றால், பாயிண்டையே கண்ணுக்கு நகர்த்துங்கள். 6டி போன்ற கேமராவில் மங்கலான வெளிச்சத்தில் நிலைமை தலைகீழ். அதன் நடுப் பாயிண்ட் மைனஸ் 3 இவி (வெளிச்சத்தை அளக்கும் அலகு; எண் குறையக் குறைய இருட்டு) வரை வேலை செய்யும், ஓரப் பாயிண்டுகள் அதற்கு முன்பே தடுமாறும். அங்கே எஃப் 2.8 வைத்து, 2 மீட்டருக்கு அப்பால் நின்று, நடுவில் பூட்டித் திருப்புவதே மேல். ஓரப் பாயிண்ட் தேடிக்கொண்டே இருக்கும் நேரத்தில் முகபாவம் போய்விடும். திருப்புவதற்குப் பதிலாக உடலோடு பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தால் ஃபோகஸ் தளம் திரும்பாது, பிழையும் வராது.

ரீகம்போஸ் செய்யாமலே காதில் கூர்மை விழுகிறது என்றால் அது வேறு நோய். டிஎஸ்எல்ஆரில் ஏஎஃப் சென்சாரும் பட சென்சாரும் தனித்தனி என்பதால், லென்ஸுக்கு லென்ஸ் சிறு விலகல் வரும். கேனானிலும் நிக்கானிலும் உள்ள மைக்ரோ அட்ஜஸ்ட், ஃபைன் ட்யூன் வசதிகளில் கூட்டல் கழித்தல் 20 படிகள் வரை திருத்தலாம். ஆனால் அந்தத் திருத்தம் எல்லாப் பாயிண்டுகளுக்கும் பொது. நடுவை வைத்துச் சரிசெய்துவிட்டு, நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஓரப் பாயிண்டிலும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

வியூஃபைண்டரில் தெரியும் சதுரத்தைவிட உண்மையில் உணரும் பரப்பு பெரும்பாலும் பெரியது. கண்ணின் மேல் வைத்த பாயிண்ட் புருவத்தையோ, முன்னால் விழும் முடிக்கற்றையையோ பிடிப்பது இதனால்தான். அப்பரப்பில் எதில் கான்ட்ராஸ்ட் அதிகமோ அதையே கேமரா நம்பும். சிறிய ஸ்பாட் பாயிண்ட் கிளைகளுக்குள் அமர்ந்திருக்கும் பறவைக்குப் பொருந்தும். இருட்டிலோ சிறிய பாயிண்டுக்குக் கிடைக்கும் தகவல் குறைவு, இரைச்சல் அதிகம். ஒரு அளவு பெரிதாக்கினால் உடனே நிலைபெறும். பரந்த ஏரியா மோடுகள் பொதுவாக அருகில் இருப்பதற்கே முன்னுரிமை தரும். மணமகளின் முகத்துக்குப் பதில் கழுத்து மாலையும், பேச்சாளருக்குப் பதில் மைக்கும் கூர்மையாக விழுவது இதனால். வெறும் வானத்தில் பறக்கும் பறவைக்கு அதே பரந்த மோடு மிகச் சிறப்பு, வேறு எதுவும் குறுக்கே இல்லையே.

ஓடும் பொருளுக்கு ரீகம்போஸ் பேச்சே இல்லை. தொடர் ஃபோகஸில் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஃபோகஸ் போய்க்கொண்டிருக்கும். பாயிண்டுகள் ஓரம் வரை பரவியிருப்பதன் முழுப் பயனும் இங்கேதான். விளையாட்டு வீரருக்கு நெஞ்சில் உள்ள எண்ணே நல்ல பிடிமானம். ஒற்றைப் பாயிண்டைவிட, அதைச் சுற்றி நான்கு துணைப் பாயிண்டுகள் சேர்ந்த விரிவு மோடு பாதுகாப்பு, கை சற்று நழுவினாலும் பின்னணிக்குத் தாவாது.

கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் ஐ ஏஎஃப் உள்ள கேமராவிலும் பாயிண்ட் வைக்கும் வேலை முற்றிலும் போய்விடவில்லை. மூன்று முகங்கள் இருந்தால் எதைப் பிடிப்பது என்று கேமராவாக முடிவு செய்துவிடும். பல கேமராக்களில் சிறிய ஸோனை வேண்டியவர் மேல் வைத்தால், அதற்குள் இருக்கும் கண்ணையே தேடும். மூக்குக்கண்ணாடிப் பிரதிபலிப்பில் ஐ ஏஎஃப் ஏமாறும்போது அதை அணைத்துவிட்டுச் சட்டத்தின் ஓரத்தில் சிறு பாயிண்டை வையுங்கள்.

மெனுவில் இரண்டை இன்றே மாற்றிவிடலாம். கேமராவை நிமிர்த்தும்போது பாயிண்டும் தானாக மேலே போய்விட வேண்டும்: கேனானில் ஓரியன்டேஷன் லிங்க்டு, நிக்கானில் ஸ்டோர் பை ஓரியன்டேஷன், சோனியில் ஸ்விட்ச் வி/எச் ஏஎஃப் ஏரியா. இன்னொன்று, தேர்ந்தெடுக்கும் பாயிண்டுகளைக் குறைப்பது. நிக்கான் டி750-இல் 51-க்குப் பதில் 11 வைத்தால், நடுவிலிருந்து ஓரத்துக்குச் சில தட்டுகளில் போய்விடலாம்.

கடைசியாக, மூன்று வரிசைக் குழுப் படம். 35 மி.மீ., எஃப் 5.6, முதல் வரிசை 4 மீட்டரில் என்றால், அந்த வரிசையிலேயே பாயிண்டை வையுங்கள், தெளிவு 2.6 மீட்டரிலிருந்து 8.8 மீட்டர் வரை போகும், பின் வரிசைகள் தாராளமாக உள்ளே வரும். 85 மி.மீ., எஃப் 2.8 என்றால் 4 மீட்டரில் முன்னும் பின்னும் தலா 20 செ.மீ.-க்கும் குறைவு. நடு வரிசையில் வைத்தாலும் போதாது. அங்கே பாயிண்டை மாற்றிப் பயனில்லை, எஃப் 8-க்குப் போய், தள்ளி நின்று எடுங்கள்.