தெமிஸ் குடியிருந்த வீடு

சாமி ஊரில் இல்லை என்று தெரிந்தே ஒரு கோயிலுக்குப் போனேன். கிரேக்கப் பெண் தெய்வம் தெமிஸின் சிலை 1890லேயே கிரீஸின் ராம்னூஸ் என்ற பழைய ஊரின் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனாலும் அவள் குடியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவளைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

தெமிஸ் வானுக்கும் பூமிக்கும் பிறந்தவள். உலகம் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட ஒழுங்கு, அதுதான் அவள். நல்லாட்சி, நீதி, அமைதி மூவரும் கிரேக்கத் தெய்வங்களின் தலைவன் ஸீயஸுக்கும் அவளுக்கும் பிறந்த பெண்கள். குறி கேட்கும் தலமான டெல்பியில், அப்பல்லோ என்ற தெய்வத்துக்கு முன்பே குறி சொன்னவள் என்றும் கதை உண்டு.

ஏதென்ஸிலிருந்து வாடகைக் காரில் வடகிழக்கே, மாரத்தான் தாண்டிப் போக வேண்டும். புதர் மண்டிய மேடு, கீழே கடல், எதிரே எவியா தீவு. மேட்டில் இரண்டு கோயில்களின் அடித்தளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதுபோல் நிற்கின்றன. பெரியது நெமிசிஸுக்கு. வரம்பு மீறியவனைத் தேடி வந்து தண்டிப்பவள் அவள். கி.மு. 490ல் பாரசீகர்கள் மாரத்தானில் இறங்கியபோது, ஜெயித்த பிறகு வெற்றிச் சின்னம் நட ஒரு சலவைக்கல்லையும் கூடவே கொண்டுவந்தார்களாம். தோற்று ஓடினார்கள். அந்தக் கல்லிலேயே கிரேக்கர்கள் நெமிசிஸைச் செதுக்கி வைத்தார்கள் என்று பழங்காலக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசனியாஸ் எழுதியிருக்கிறார். கதை உண்மையோ இல்லையோ, அவளுக்குப் பொருத்தமான கல். கோயில் வேலை மட்டும் முடியவில்லை. தூண்களில் வரிப்பள்ளங்களை முழுதாகச் செதுக்காமலே விட்டுவிட்டார்கள்.

தம்பிக்கும் எனக்கும் ஒரு மனைத் தகராறு ஆறு வருடமாக ஓடுகிறது. நெமிசிஸ் வாசலில் நின்றபோது யார் முகம் மனதில் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கை தானாகக் குவிந்தது.

அப்புறம் பக்கத்திலிருந்த தெமிஸின் சின்னக் கோயிலுக்கு நகர்ந்தேன். பத்து மீட்டர் நீளம்தான் இருக்கும். ஒழுங்கற்ற பலகோணக் கற்களை இடைவெளியில்லாமல் பொருத்தி எழுப்பிய வெள்ளைச் சுவர். ஒரு கல்போல் இன்னொரு கல் இல்லை, ஆனாலும் ஒன்றோடொன்று கச்சிதமாக உட்கார்ந்திருக்கின்றன. நான் அதிக நேரம் நின்றது இந்தச் சுவருக்கு முன்னால்தான். இதன் முன்மண்டபத்தில் ஸோஸ்ட்ராடோஸ் என்பவர் இரண்டு கல் இருக்கைகள் செய்து வைத்தாராம். ஒன்று தெமிஸுக்கு, மற்றது நெமிசிஸுக்கு. இங்கே எனக்கு எதையும் கேட்க வாய் வரவில்லை. நெமிசிஸிடம் தம்பியைப் பற்றிச் சொல்லலாம். தெமிஸிடம் சொன்னால் என் கணக்கையும் சேர்த்து எடுத்துவைப்பாள்.

மறுநாள் அருங்காட்சியகம். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், மார்புக்குக் கீழே கட்டிய ஆடை மடிப்பு மடிப்பாகப் பாதம்வரை விழுகிறது. கைகள் இல்லை, உடைந்து போய்விட்டன. அதனால் தராசு ஏந்தியிருந்தாளா என்று கேட்கவும் வழியில்லை. கண்கட்டு கிடையாது, அது பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பியர்கள் நீதிதேவதைக்குக் கட்டிவிட்டது. இவள் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கிறாள். தரிசனம் என்றால் நாம் பார்ப்பது மட்டுமா? அன்று நான்தான் முதலில் பார்வையைத் தாழ்த்தினேன்.

பார்வை போன இடம் பீடம். கி.மு. 300 வாக்கில் சிலை செய்தவர் கைரெஸ்ட்ராடோஸ், ராம்னூஸ்காரர். காணிக்கை கொடுத்த மேகக்ளிஸும் அதே ஊர்தான். நேர்மைக்காக ஊர்க்காரர்களே அவருக்கு மகுடம் சூட்டினார்கள் என்று பொறித்திருக்கிறது. அப்பா பெயரும் மேகக்ளிஸ். அந்தக் காலத்தில் பூசை செய்த பெண்களின் பெயர்கள்கூட இருக்கின்றன. மேகக்ளிஸுக்குத் தம்பி இருந்தானா என்பது மட்டும் கல்லில் இல்லை.