15 அவுட் கையில், முதலில் பேச வேண்டியதும் நாம்தான்

மழை பிடித்துக்கொண்டால் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டு நின்றுவிடும். பால் வெட்டு நின்றால் எங்கள் சீட்டு மேசைக்கு ஆள் சேரும். முன்பெல்லாம் இருபத்தெட்டுதான் ஆடுவோம். இப்போது அதே கட்டில் நோ-லிமிட் ஹோல்டெம் என்கிற போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று (ஃப்ளாப்), அடுத்து ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). காசு கிடையாது. ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதை 2025-இல் மத்திய அரசே சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. எங்களுக்கு அதற்கு முன்பும் அந்தப் பழக்கம் இல்லை. புளியங்கொட்டை ஒன்று 10, சோழி ஒன்று 50, அவ்வளவுதான் வரவு செலவு.

இந்த மழைக்காலத்தில் நான் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு ஆடிப் பார்த்தேன். பெரிய பிளைண்டில் (சீட்டுப் பார்க்குமுன்பே கட்டாயத் தொகை போடும் இருவரில் பெரிய தொகைக்காரர்) இருக்கும்போது நல்ல ட்ரா, அதாவது இன்னும் ஒரு சீட்டு வந்தால் பெரிதாகும் கை, விழுந்தால் என்ன செய்வது? ஃப்ளாப் வந்தபின் பட்டனில் (கடைசியாகப் பேசும் இடத்தில்) இருப்பவருக்கு முன்னால் நாம் பேசியாக வேண்டும், போடுவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். அவர் நம்மைப் பார்த்துவிட்டு நிதானமாக முடிவெடுப்பார். ஜோடியோ செட்டோ (ஒரே எண்ணில் மூன்று) கையில் இருந்தால் இதைச் சமாளிக்கலாம். வராத சீட்டுக்குக் காத்திருக்கும்போதுதான் இந்த இடம் படுத்தும்.

ஒரு கையை அப்படியே சொல்கிறேன். பிளைண்ட் 10, 20. எல்லோர் கையிலும் 400 அளவில்தான் மிச்சம். பட்டனில் ரப்பர் வெட்டும் அண்ணன், 50 ஆக்கினார். சின்ன பிளைண்ட் விட்டாயிற்று. என்னிடம் ஆட்டின் 9, ஆட்டின் 8. கால் செய்தேன், அதாவது அவர் அளவுக்கு நானும் போட்டேன். பாட் (நடுவில் சேர்ந்தது) 110, என் முன்னால் 350. ஃப்ளாப்பில் கிளாவர் ராஜா, ஆட்டின் 7, ஆட்டின் 6.

இன்னும் ஒரு ஜோடிகூட ஆகவில்லை. ஆனால் இன்னும் ஒன்பது ஆட்டின் சீட்டு மிச்சம் இருக்கிறது, ஒன்று வந்தாலும் ஐந்து ஆட்டின் சேர்ந்து கலர். 10-ஓ 5-ஓ வந்தால் வரிசை. ஆட்டினை இரண்டு முறை எண்ணாமல் கூட்டினால் 15 அவுட், அதாவது எனக்கு உதவும் 15 சீட்டு. இரண்டு சீட்டும் பார்க்கக் கிடைத்தால் அதில் ஒன்று வர 54 சதவீதம். அதாவது ராஜா ஜோடி வைத்திருப்பவரைவிட நான்தான் கொஞ்சம் முன்னால்.

முதலில் கொஞ்ச நாள் இப்படிப்பட்ட கையில் செக் செய்து (எதுவும் போடாமல் முடிவை அவரிடம் தள்ளி), அவர் போட்டதைக் கால் செய்து போய்ப் பார்த்தேன். அவர் 60 போடுகிறார், பாட் 170. 60 கொடுத்து 230-க்கு நிற்பது விலை குறைவுதான். அடுத்த சீட்டிலேயே 32 சதவீதம் இருக்கிறது. சிக்கல் டர்னில். ஒன்றுக்கும் உதவாத ஸ்பேடு 2 வருகிறது, நான் மறுபடி செக், அவர் மிச்சம் 290-ஐயும் தள்ளுகிறார். 290 கொடுத்து 810-க்கு நிற்க 36 சதவீதம் வேண்டும். என்னிடம் 33 கூட முழுசாக இல்லை. விட வேண்டியதுதான். ஒரு சீட்டுக்கு முன்னால் முந்தியிருந்த கை! சரி, ஆட்டின் வந்தால்? மூன்று ஆட்டின் மேசையில் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். நான் போட்டால் அவர் விடுவார், செக் செய்தால் அவரும் செக். வராவிட்டால் நமக்குச் செலவு, வந்தால் அவருக்குச் செலவில்லை. கடைசியில் பேசுபவருக்கு இதுதான் வசதி.

அப்புறம் செக்-ரெய்ஸுக்கு மாறினேன், அதாவது முதலில் செக், அவர் போட்டதும் அதைவிடக் கூட்டிப் போடுவது. அவர் 60 போட்டதும் மொத்தம் 350-ஐயும் உள்ளே தள்ளிவிடுவது. அவர் விட்டால் 170 அப்படியே வரும். அவர் கால் செய்தால் பாட் 810. அதில் 54 சதவீதம் 437. நான் வைத்தது 350. ஆக, கால் செய்தாலும் எனக்கு நஷ்டமில்லை. இதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: டர்னிலும் ரிவரிலும் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. எல்லாம் உள்ளே போனபின் முதலில் பேசுபவர், கடைசியில் பேசுபவர் என்ற வித்தியாசமே கிடையாது. இரண்டு சீட்டும் எனக்குக் கட்டாயம் கிடைக்கும்.

அந்தக் கையில் அண்ணன் உடனே கால் செய்யவில்லை. ரப்பர் பால் கறை படிந்த நகத்தால் சோழிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். ஈரக் காற்றில் சீட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன; பிரித்து இன்னொரு முறை பார்த்தார். “மக்கா, ஆட்டினுக்குத்தானே நிக்க?” என்றார். “பாருங்கண்ணே” என்றேன். ராஜாவும் ராணியும் காட்டி உள்ளே வந்தார். டர்ன் ஸ்பேடு 2. ரிவரில் டைமன் 10. எல்லோரும் ஆட்டினையே பார்த்துக்கொண்டிருந்ததில் வரிசை ஆனது ஒரு நிமிடம் யாருக்கும் பிடிபடவில்லை. அதே போன்ற இன்னொரு கையில் இரண்டு சீட்டும் வெறுமையாக வந்து நான் எழுந்துபோய் டீ போட்டதும் உண்டு. 54 என்றால் 46 அந்தப் பக்கம் இருக்கத்தானே செய்யும்.

வெறும் கலர் ட்ராவுக்கு, அதாவது 9 அவுட்டுக்கு, இதே வேலை செய்யுமா என்றால் ஆளைப் பொறுத்தது. இரண்டு சீட்டுக்கும் சேர்த்து 35 சதவீதம்தான். 810-இல் அது 283. ஒவ்வொரு காலுக்கும் 67 போகும். அவர் பத்துக்கு மூன்று தடவையாவது விட்டால்தான் கட்டுப்படியாகும். எங்கள் அண்ணனோ “பாத்துட்டுத்தான் விடுவேன்” என்கிற கட்சி. அவரிடம் 9 அவுட்டைத் தள்ளுவதில்லை, மலிவாகக் கிடைத்தால் கால், இல்லையென்றால் விட்டுவிடுகிறேன். மேசையில் அடுத்து உட்காரும் பள்ளி ஆசிரியர் ராஜா ஜோடியையே யோசித்து யோசித்து விடுபவர். அவரிடம் 9 அவுட்டும் நன்றாகவே ஓடுகிறது.

கையில் 2000 இருக்கும்போது கதை வேறு. 60-க்கு 1950-ஐத் தள்ளினால் நம்மைத் தோற்கடிக்கும் கைதான் உள்ளே வரும். 7 ஜோடி வைத்து செட் அடித்தவர் வந்தால் என் 54 சதவீதம் 40-ஐ ஒட்டி இறங்கிவிடும். 200 ஆக்கினால் அவர் கால் செய்கிறார், டர்ன் வெறுமை, பாட் 510, இன்னும் 1750 மிச்சம், மறுபடி முதலில் பேச வேண்டியது நான். போட்டால் ரெய்ஸ் வரலாம், செக் செய்தால் அவர் விலை சொல்வார். இந்த ஆழத்தில் இப்போதைக்கு ஃப்ளாப்பில் கால் மட்டும் செய்கிறேன். டர்னில் மேசையில் ஜோடி விழுந்தால் ஒதுங்கிவிடுகிறேன். மூன்று பேர் உள்ளே இருந்தால் இன்னும் கவனம், 9 தலைக் கலர் (9-தான் பெரிய சீட்டு) வந்து ஏஸ் கலரிடம் மொத்தச் சோழியையும் கொடுப்பது எளிது.

5, 6, 7 போன்ற சின்ன ஃப்ளாப்பில் செக் செய்யாமல் நானே முதலில் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டுப் பார்ப்பதைத் தொடங்கியிருக்கிறேன். அந்தச் சீட்டுகள் பெரிய பிளைண்டுக்குத்தான் அதிகம் ஒட்டும் என்று பட்டனுக்கும் தெரியும். ஆசிரியர் இதற்கு விடுகிறார். அண்ணன் வழக்கம்போலப் பார்க்கிறார்.