டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லையா?

திருகோணமலையில் வீட்டு வயறிங் வேலை செய்கிறேன். வேலை பழக வருகிற பொடியன்கள் எல்லோருடைய பொக்கற்றிலும் ஒரு டெஸ்டர் இருக்கும். கரண்ட் வருகிற லைன் வயர் எது என்று தேடுவதற்கு அது நல்ல சாமான்தான். ஆனால் கரண்ட் இல்லை என்று முடிவெடுக்க அதை நம்பக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். அதற்குள் இருக்கும் சின்ன நியோன் பல்ப் எங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிற மிகச் சிறிய கரண்டில்தான் எரிகிறது, காய்ந்த மர ஏணியில் றப்பர் செருப்போடு நின்றால் மங்கிவிடும், வெயில் அடிக்கிற விறாந்தையில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

உப்புவெளியில் கடற்கரையோரம் ஒரு வீடு. ஃபான் சுற்றவில்லை. “தம்பி, ரெண்டு வயரிலயும் டெஸ்டர் எரியுது, பிறகேன் சுத்தேல்ல?” என்று வீட்டுக்கார அக்கா கேட்டார். அவர் பார்த்தது சரி. சீலிங்குக்கு மேல் இருந்த பெட்டியில், உப்புக் காற்றில் பச்சை பிடித்த ஆணியிலிருந்து, கரண்ட் திரும்பிப் போகிற நியூற்றல் வயர் கழன்றிருந்தது. சுவிட்ச் போட்டபடி இருந்ததால் லைன் மோட்டருக்குள்ளால் வந்து நியூற்றல் வயரிலும் நின்றது. இந்த இடத்தில் இரண்டு வயருக்கும் குறுக்கே வோல்ற் அளக்கிற மீற்றர் வைத்தால் பூச்சியம் காட்டும். அதை நம்பி நியூற்றலான கறுப்பு வயரைப் பிடித்தால் 230 வோல்ற்! ஆகவே லைன்–நியூற்றல், லைன்–எர்த், நியூற்றல்–எர்த் மூன்றையும் பார்த்தே ஆகவேண்டும்.

தொடாமலே கீச்சிடுகிற பேனா டெஸ்டர் இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது. பக்கத்து வயருக்கும் கீச்சிடும், இரும்புக் குழாய்க்குள் போகிற வயருக்குப் பேசாமல் இருக்கும், பற்றரி இறங்கினாலும் அப்படித்தான். டிஜிட்டல் மீற்றரில் வேறு தொல்லை. மாடிப்படி லைட்டுக்குப் போகிற வயர்கள் நீளத்துக்கு ஒட்டி ஓடுவதால், நிற்பாட்டிய வயரிலும் நாற்பது ஐம்பது வோல்ற் பொய்யாகக் காட்டிப் பயப்படுத்தும். அதோடு, கரண்ட் அளக்கிற 10 அம்பியர் ஓட்டையில் புரோப்பை மறந்து விட்டுவிட்டு பிளக்கில் வைத்தால் நேரடி ஷோர்ட்.

நான் கைவிடாத சாமான் இரண்டு முனை வோல்டேஜ் டெஸ்டர். எங்கள் உடம்பை நம்பியில்லை, வயரிலிருந்தே கொஞ்சம் கரண்ட் இழுத்துப் பார்ப்பதால் அந்தப் பொய் வோல்டேஜ் விழுந்துவிடும். வாங்கும்போது கேட் 3 (CAT III என்ற பாதுகாப்புத் தரம்), 600 வோல்ற் என்று இருக்கிறதா பாருங்கள், முனையில் 4 மில்லிமீற்றருக்கு மேல் உலோகம் வெளியே தெரியக் கூடாது, இல்லாவிட்டால் பிரேக்கர்கள் இருக்கிற டிபி பெட்டிக்குள் பக்கத்து ஆணியில் முட்டும்.

அப்புறம், எந்தச் சாமான் என்றாலும் முதலில் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த பிளக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு நிற்பாட்டிய வயரில், பிறகு திரும்பவும் அதே பிளக்கில். கடைசித் தடவைக்குத்தான் எல்லோருக்கும் பஞ்சி. இடையில் டெஸ்டரே செத்திருந்தால் வேறு எப்படித் தெரியும்?

என்னோடு வேலை பழகும் தம்பியிடம் டிரில் வாங்க முதல் இந்த இரண்டு முனை டெஸ்டரை வாங்கு என்றேன், விலையைக் கேட்டு யோசிக்கிறான். சரி, அதுவரை என்னுடையதைப் பாவிக்கட்டும்.