குப்பைமேட்டைச் சுற்றி எங்கே துளையிடுவது?

சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகள் பற்றிப் பேச்சு வந்தாலே “பக்கத்துல நாலு போர் போட்டு தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க” என்கிறார்கள். சரி, எங்கே போடுவது? நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியாமல் போட்டால் காசுதான் வீண். ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளில் நீர்மட்டம் எடுத்து, அதைக் கடல்மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்ற கணக்குக்கு மாற்றினால், உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கு நீர் போகும் திசை பிடிபடும். பள்ளிக்கரணை மாதிரி சதுப்பு ஓரத்தில் மழைக்காலத்தில் அந்தத் திசையே மாறலாம். கோடையில் மட்டும் அளந்துவிட்டுப் போகக் கூடாது.

நீர் வரும் பக்கமாக, குப்பைக்கு முன்னால் ஒரு கிணறு கட்டாயம். “அங்கதான் குப்பையே இல்லையே, எதுக்கு?” என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. குளோரைடு எகிறினால், அது குப்பைக் கசிவா, ஏற்கெனவே இருந்த உப்புத்தண்ணியா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? குளோரைடு உப்புத்தண்ணியிலும் இருக்கும் என்பதால், குப்பைக் கசிவில் வரும் அம்மோனியாவையும் கூடவே பாருங்கள்.

2016 திடக்கழிவு விதிகளிலேயே குப்பைக் கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழை, மழைக்குப் பின் என்று பரிசோதிக்கச் சொல்லியிருந்தது. அதற்கு வீட்டு போரை வைத்து ஒப்பேற்ற முடியாது. அதில் பல ஆழத்து நீரும் கலந்து வரும். கண்காணிப்புக் கிணற்றில் நீர் உள்ளே வரத் துளைகள் போட்ட குழாய்ப் பகுதி ஒரு குறிப்பிட்ட அடுக்கில் மட்டும் இருக்கும், அதற்கு மேலே பென்டோனைட் களிமண்ணால் அடைத்திருப்பார்கள்.